குளிருக்கு யார் பொறுப்பு?

(ஒரு பொதுக்கூட்டத்தில் செய்த பிரசங்கத்தின் சாரம்)



வீடில்லாதவர்கள் விஷயத்தில் நகரசபைக்கு உள்ள கடமையைப் பற்றி என்னைப் பேசச் சொன்னார்கள். நான் சட்டம் படித்துப் பட்டம் பெற்றவனல்ல. என் அறிவுக்கு எட்டியதைச் சொல்லுகிறேன். சரியென்று பட்டால் ஏற்றுக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் தள்ளிவிடுங்கள்.

டில்லிப் பட்டணத்தில் மார்கழி, தை மாத இரவென்றால் சாமானியமல்ல. குளிர் 4 டிகிரிக்கும் கீழே இறங்கும் நாட்கள் உண்டு. வீட்டுக்குள் இருப்பவனுக்கே பல் கிட்டும். அந்த இரவில் மேம்பாலத்தடியிலும், ரயிலடி வாசலிலும், ஆஸ்பத்திரி மதிலோரத்திலும் ஜனங்கள் படுத்துக்கிடக்கிறார்கள். 2011-ம் வருஷத்து ஜனத்தொகைக் கணக்கில், டில்லியில் வீடில்லாதவர்கள் ஏறக்குறைய 47,000 பேர் என்று சர்க்காரே எண்ணிச் சொல்லிற்று. இந்தியா முழுவதற்கும் 17 லட்சத்துக்கு மேல். அதுவும் எண்ணப் போனவன் கண்ணில் பட்டவர்கள் கணக்குத்தான்.

இவர்கள் எல்லாம் சோம்பேறிகளா? மூட்டை தூக்குகிறவனும், ரிக்ஷா மிதிக்கிறவனும், மாடிக்குச் செங்கல் சுமக்கிறவளும், பணக்காரன் வீட்டுக் கலியாணத்தில் எச்சில் தட்டுக் கழுவுகிறவனும் இதில் இருக்கிறார்கள். பட்டணத்தைக் கட்டியவனுக்குப் பட்டணத்தில் ஆறடி இடமில்லை என்றால், சோம்பேறி யார் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

இதற்கு ஒரு கூட்டத்தார், "அது அவன் தலையெழுத்து, பூர்வ ஜென்ம வினை" என்கிறார்கள். அப்படியானால் இந்தப் புத்திமான்கள் தங்களுக்கு மட்டும் கம்பளி வாங்குவானேன்? வடநாட்டில் பல கோவில்களில் குளிர்காலம் வந்தால் விக்கிரகத்துக்குக் கம்பளிச் சட்டை போடுகிறார்கள். கல்லுக்குக் குளிரும் என்று கண்டுபிடித்தவர்களுக்கு, மனிதனுக்குக் குளிரும் என்பது மட்டும் ஏன் தெரியாமற்போயிற்று?

இன்னொரு கூட்டத்தார் தருமப் பிரபுக்கள். ஒரு கம்பளியைக் கொடுத்து நாலு போட்டோ எடுத்துக்கொள்கிறவர்கள். கொடுப்பதை வேண்டாமென்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் தருமம் கொடுப்பவன் இஷ்டத்தைப் பொறுத்தது. வரும் வருஷம் அவனுக்கு மனமில்லாவிட்டால் ஏனென்று கேட்க நமக்கு வாயுண்டா? உரிமையென்றால் கேட்கலாம், கோர்ட்டுக்கும் போகலாம். ஆகவே நமக்கு வேண்டியது புண்ணியவான்களல்ல. கடமை தவறினால் பதில் சொல்லக் கட்டுப்பட்ட நகரசபை.

நிற்க, சட்டம் என்ன சொல்லுகிறது? 1992-ல் செய்த 74-வது திருத்தத்தின்படி, நகரசபைகளிடம் ஒப்புவிக்கத்தக்க 18 வேலைகள் அரசியல் சட்டத்தின் 12-வது அட்டவணையில் இருக்கின்றன. சுடுகாடு, இடுகாடு அதில் ஒன்று. மாட்டுப் பவுண்டு ஒன்று. நகரத்து ஏழைகளின் வறுமையைப் போக்குவதும் ஒன்று. செத்தவனுக்கு இடம் கொடுக்கிறார்கள். தெருவில் திரியும் மாட்டுக்கும் இடம் கொடுக்கிறார்கள். சாகாமல், மாடாகவும் பிறக்காமல் இருக்கிற மனிதன்தான் இடத்துக்குத் திண்டாட வேண்டியிருக்கிறது!

2009 டிசம்பரில், குளிர் நடுக்கும் சமயத்தில், டில்லி பூசா ரோட்டில் வீடில்லாதவர்கள் தங்கியிருந்த கூடாரத்தை நகரசபையே பிரித்தெறிந்தது. மறு வருஷம் காமன்வெல்த் விளையாட்டுக்காக ஊரை அழகு பண்ணிக்கொண்டிருந்த காலம் அது. பத்திரிகையில் வந்த செய்தியைப் பார்த்து ஹைக்கோர்ட் தானாகவே வழக்கை எடுத்து விசாரித்தது. ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் தலையிட்டது. 2010 மே மாதத்தில், பெரிய நகரங்களில் லட்சம் ஜனத்தொகைக்கு ஒரு விடுதியாவது, வருஷம் முழுவதும் இரவும் பகலும் திறந்திருக்க வேண்டுமென்று எல்லா மாகாணங்களுக்கும் உத்தரவாயிற்று. பின்னால் வந்த சர்க்கார் திட்டம், லட்சம் ஜனத்தொகைக்குக் குறைந்தது 100 பேருக்கு இடம், ஆளுக்கு 50 சதுர அடி என்று அளவு வகுத்தது.

இதைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். 2011-ல் டில்லி ஜனத்தொகை சுமார் 168 லட்சம். 168 விடுதி, விடுதிக்கு 100 பேர் என்றால் 16,800 பேர். வீடில்லாதவர்களோ 47,000. அதாவது உத்தரவை எழுத்துக்கு எழுத்து நிறைவேற்றினாலும் மூவரில் இருவர் தெருவில்தான்! "குறைந்தது" என்று கோர்ட் சொன்னதை "இவ்வளவு போதும்" என்று வைத்துக்கொண்டால் வரும் பலன் இதுதான்.

டில்லியில் 2010-ல் இதற்கென்று தனி போர்டு வந்தது. நவம்பர் 15 முதல் மார்ச் 15 வரை குளிர்காலத் திட்டம் என்று கூடாரமும் போடுகிறார்கள். நல்லதுதான். ஆனால் விடுதி போர்டிடம், தெரு நகரசபையிடம், நிலத்தில் பெரும்பகுதி மத்திய சர்க்காரிடம். ஒருவரைக் கேட்டால் மற்றவரைக் கைகாட்டுகிறார். மூன்று மாமியார் வீட்டில் சமையல் செய்தது யாரென்று தெரியாமல் பிள்ளை பட்டினி கிடந்த கதைதான்.

"விடுதி இருந்தாலும் அவர்கள் வருவதில்லையே" என்று அதிகாரிகள் குறைப்படுகிறார்கள். ஏன் வரவில்லை என்று கேட்டார்களா? ரிக்ஷாவை வெளியே விட்டால் காலையில் இருக்காது. பெண்டு பிள்ளையோடு இருப்பவனுக்குத் தனி இடமில்லை. கக்கூஸ் நாற்றம். கூலிக்கு ஆள் எடுக்கும் இடம் எங்கேயோ, விடுதி எங்கேயோ. இவ்வளவையும் வைத்துக்கொண்டு, வராதவன் மேல் குற்றம் சொல்லுவது யோக்கியமா?

தோழர்களே! இவ்வளவு அலட்சியத்துக்குக் காரணம் என்ன? கௌன்சிலர் கதவைத் தட்டி ஓட்டுக் கேட்கிறார். கதவே இல்லாதவனிடம் எப்படி வருவார்? ஆனால் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். வீடில்லாதவனுக்கும் ஓட்டு உண்டு. அவன் எங்கே படுக்கிறான் என்பதை அதிகாரி இரவில் நேரில் வந்து பார்த்துப் பட்டியலில் சேர்க்கலாம். விலாசத்துக்கு அத்தாட்சிக் காகிதம் அவசியமில்லை. தேர்தல் கமிஷனின் விதியே இது.

நம் ஊரில் டில்லிக் குளிர் இல்லைதான். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் கடைத் திண்ணையில் ஒண்டி நிற்பவன் இங்கேயும் இருக்கிறான். ஆகவே நாளைக்கே உங்கள் நகரசபைக்குப் போய் மூன்று கேள்வி கேளுங்கள்: நம் ஊரில் தெருவில் படுப்பவர் எத்தனை பேர்? அவர்களுக்கு இடம் எத்தனை? வரும் பட்ஜெட்டில் இதற்குத் தொகை எவ்வளவு? எழுத்தில் பதில் வாங்குங்கள். கௌன்சிலர் பதில் சொல்லாவிட்டால், தெருவில் படுப்பவர்களின் பெயரையெல்லாம் ஓட்டர் பட்டியலில் சேர்த்துவிட்டு மறுபடியும் போய்க் கேளுங்கள். அப்போது பதில் தானாக வரும்.