200 டாலர் ஆக்ஸில், 1,275 டாலர் பில்: ஒரு 66 மஸ்டாங்கின் பின்பக்கக் கதை

இன்னைக்கு காருக்கு அடியில படுக்கப் போறோம். அதுவும் பின்பக்கம்.

என்கிட்ட ஒரு 1966 ஃபோர்டு மஸ்டாங் இருக்கு. 289 வி8 எஞ்சின், மூணு கியர் ஆட்டோமேட்டிக். நான் இருக்கிறது மிச்சிகன். இங்க இந்த வண்டி பெரிய அதிசயம் எல்லாம் இல்லை, லட்சக்கணக்குல வித்த வண்டி. பார்க்க அழகு, ஓட்ட ஜாலி, நிறுத்தத்தான் பயம். போன வருஷம் பின்னாலேர்ந்து ஒரு ஊளைச் சத்தம் ஆரம்பிச்சுது. ஸ்பீடு ஏற ஏற சத்தமும் ஏறும். கிரவுன் பினியன் தேய்ஞ்சு போச்சு.

கார் பத்தி தெரியாதவங்களுக்கு ஒரு நிமிஷம். லாரிக்குப் பின்னாடி வண்டி ஓட்டியிருப்பீங்க. ரெண்டு பின் சக்கரத்துக்கு நடுவுல ஒரு இரும்பு உருண்டை தெரியும்ல? எஞ்சின்லேர்ந்து நீளமா வர்ற ஷாஃப்டோட சுழற்சியை தொண்ணூறு டிகிரி திருப்பி சக்கரத்துக்குக் கொடுக்கிறது அதுதான். அந்த உருண்டை, ரெண்டு பக்கமும் போற குழாய், உள்ள இருக்கிற ஷாஃப்ட், முனையில பிரேக், எல்லாம் சேர்ந்ததுதான் பின் ஆக்ஸில்.

பழசையே பிரிச்சு சரி பண்ண 900 டாலர் கேட்டாங்க. பண்ணியிருக்கலாம். ஆனா பண்ணி முடிச்சாலும் அதே டிரம் பிரேக். இன்னொரு விஷயமும் இருக்கு. 66 மஸ்டாங்ல பிரேக் ஆயிலுக்கு ஒரே அறை, ஒரே சர்க்யூட். நாலு சக்கரத்துல எங்கேயாவது ஒரு குழாய் வெடிச்சா நாலு பிரேக்கும் போச்சு. 67 மாடல்லதான் ரெண்டா பிரிச்சாங்க. பின் சீட்ல என் பொண்ணு உக்கார்றா. ஊளைச் சத்தத்தோட வாழ்ந்திடலாம், இதோட முடியாது.

பட்ஜெட்ல இதுக்கு இங்க எல்லாரும் சொல்ற வழி ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர். 1995லேர்ந்து 2001 வரைக்கும் வந்த எக்ஸ்ப்ளோரர்ல 8.8 இன்ச் ஆக்ஸில் வரும். 8.8ங்கிறது உள்ள இருக்கிற பெரிய பல்சக்கரத்தோட விட்டம். என் வண்டியில இருந்தது 8 இன்ச். ஷாஃப்ட் முனையில 28 பல்லுக்கு பதிலா 31 பல், அதாவது ஷாஃப்டும் தடிமன். முக்கியமா, கம்பெனியே டிஸ்க் பிரேக் போட்டு அனுப்பினது. அஞ்சு போல்ட், நாலரை இன்ச் வட்டம். வி8 மஸ்டாங் வீல் அப்படியே உக்காரும். (ஆறு சிலிண்டர் மஸ்டாங் வச்சிருக்கிறவங்க கவனிங்க: உங்களுக்கு நாலு போல்ட். பின்னாடி மாத்தினா முன்னாடியும் மாத்தணும். பட்ஜெட் அங்கேயே காலி.)

இங்க காயலாங்கடைல நாமளே ஸ்பானர் எடுத்துட்டுப் போய் கழட்டிக்கலாம். புதுப்பேட்டை மாதிரி பேரம் கிடையாது, போர்டுல போட்ட விலைதான். ஆக்ஸிலோட ஒரு போல்ட்ல சின்னத் தகடு தொங்கும், அதைத் தேய்ச்சுப் படிங்க. "3 73"ன்னு இருந்தா சாதா. "3எல்73"ன்னு நடுவுல எல் வந்தா லிமிடெட் ஸ்லிப், ஒரு சக்கரம் வழுக்கினாலும் இன்னொண்ணுக்கு சக்தி போகும். எல் போட்டதெல்லாம் காலையிலேயே போயிடும்.

அந்த நம்பர் எவ்வளவு பெருசோ அவ்வளவு நல்லதுன்னு பசங்க நினைக்கிறாங்க. கணக்கு போடுங்க. 3.73ன்னா சக்கரம் ஒரு சுத்து சுத்த ஷாஃப்ட் 3.73 சுத்து சுத்தணும். என் வண்டியில இருந்தது 2.80. எனக்கு ஓவர்டிரைவ் கியர் கிடையாது. 70 மைல் வேகத்துல 2.80க்கு எஞ்சின் 2,600 ஆர்பிஎம் கிட்ட ஓடும். 3.73க்கு 3,400 தாண்டிடும். சிக்னல்ல பறக்கலாம், ஹைவேல காது போயிடும். நான் 3.55 சாதா எடுத்தேன். 200 டாலர்.

இந்த 200ஐ மட்டும் சொல்லித்தான் எல்லாரும் இந்த வேலையை சீப்புன்னு விக்கிறாங்க. கதை இனிமேதான்.

எக்ஸ்ப்ளோரர் ஆக்ஸில் மஸ்டாங்குக்கு அகலம் ஜாஸ்தி. 59.5 இன்ச். என்னோடது 57.25. அதோட உருண்டை நடுவுல இருக்காது. டிரைவர் பக்கக் குழாய் மூணு இன்ச் கிட்ட நீளம். இதுலதான் ஒரு அழகான குறுக்கு வழி இருக்கு. நீளமான குழாயை வெட்டி, குட்டை பக்கத்துக்குச் சமமா ஆக்கிடுங்க. அப்புறம் இன்னொரு எக்ஸ்ப்ளோரர்லேர்ந்து குட்டை ஷாஃப்ட் ஒண்ணு வாங்கி இந்தப் பக்கமும் சொருகுங்க. ஸ்பெஷலா ஷாஃப்ட் செய்ய வேண்டாம், உருண்டையும் நடுவுக்கு வந்துடும். ரெண்டாவது ஷாஃப்ட் 25 டாலர்தான். இதைக் கண்டுபிடிச்ச புண்ணியவான் யாரோ, நல்லா இருக்கட்டும்.

ஆனா வெட்டினதை ஒட்டணுமே. பக்கத்து வீட்டுல ஒரு பெரியவர், வாழ்க்கை முழுக்க பைப் வெல்டிங் பண்ணி ரிட்டயர் ஆனவர். அவர்கிட்ட கேட்டேன். குழாயைத் தட்டிப் பார்த்துட்டு, "முடியாது"ன்னு ஒரே வார்த்தை. வெல்டிங் சூட்டுல குழாய் ஒரு பக்கமா இழுக்கும். கண்ணுக்கே தெரியாத அளவு வளைஞ்சாலும் பேரிங்கும் சீலும் சீக்கிரம் போயிடும். இந்த ஆக்ஸில்ல ஷாஃப்டைப் பிடிச்சு வைக்கிறது உள்முனையில இருக்கிற சி வடிவ கிளிப்தான். ஷாஃப்ட் உடைஞ்சா சக்கரத்தோட வெளிய வந்துடும். "இதுக்கு நேரா பிடிச்சு வைக்கிற ஜிக் வேணும், என்கிட்ட இல்லை, ஜிக் இருக்கிறவன்கிட்ட போ"ன்னார். நாப்பது வருஷ அனுபவம் உள்ளவர் வேண்டாம்னு சொல்றார். யூடியூப் பார்த்துட்டு வீட்டு வாசல்ல பண்றவங்களை நினைச்சா எனக்கு வயித்தைக் கலக்குது. ஆக்ஸில் வேலை மட்டுமே பண்ற ஒரு ஷாப்ல கொடுத்தேன். 350 டாலர். இந்த மொத்த வேலையில நான் சந்தோஷமா கொடுத்த காசு அது.

அவர் உதவினது வேற இடத்துல. லீஃப் ஸ்பிரிங் மேல ஆக்ஸில் உக்கார்ற பீடத்தை எக்ஸ்ப்ளோரர் இடத்துலேர்ந்து அறுத்துட்டு, மஸ்டாங் ஸ்பிரிங்குக்கு நேரா புதுசா வைக்கணும். முதல்ல புள்ளி புள்ளியா ஒட்டிட்டு, வண்டியோட மொத்த எடையும் சக்கரத்துல நிக்கும்போது பினியனோட கோணத்தைப் பார்க்கணும். ஆக்ஸிலரேட்டர் மிதிச்சா லீஃப் ஸ்பிரிங் முறுக்கி பினியன் மூக்கு மேல தூக்கும். அதனால நிக்கும்போது ரெண்டு டிகிரி கீழ பார்த்த மாதிரி வச்சோம். ஜாக்ல தூக்கி வச்சுட்டு அளந்தா தப்பான கோணம்தான் வரும். இதுக்கே ஒரு முழு சனிக்கிழமை போச்சு. குழாய் தடிமனும் வேற, யூ-போல்ட் புதுசு. பீடத்தோட சேர்த்து 90. புரொப்பல்லர் ஷாஃப்டை வெட்டி பேலன்ஸ் பண்ண 180. சீல், பேரிங், ஆயில் 60. மிச்சிகன் உப்பு ரோட்டுல ஓடின டிஸ்க் துருப்பிடிச்சு பிஸ்கட் மாதிரி இருந்துது. புது டிஸ்க், பேட் 130.

பிரேக்குக்கு 240. ரெண்டு அறை மாஸ்டர் சிலிண்டர், புது குழாய், பின்பக்க அழுத்தத்தைக் குறைக்கிற வால்வு. வால்வு கட்டாயம். என் வண்டியில முன்னாடி ஏற்கெனவே டிஸ்க் இருந்துது. முன்னாடி டிரம் வச்சுக்கிட்டு பின்னாடி மட்டும் டிஸ்க் போடாதீங்க, ப்ளீஸ். பின் சக்கரம் முதல்ல லாக் ஆனா வண்டி சுத்திடும். மழை பெஞ்ச அன்னைக்கு, காலியான பார்க்கிங் லாட்ல, மெதுவான வேகத்துல திரும்பத் திரும்ப பிரேக் அடிச்சு, முன் சக்கரம்தான் முதல்ல லாக் ஆகுதுன்னு உறுதியாகுற வரைக்கும் வால்வைத் திருகினேன். அதுவரைக்கும் பொண்ணை ஏத்தலை.

கூட்டிப் பாருங்க, 1,275. பழசைச் சரி பண்றதைவிட 375 டாலர் ஜாஸ்தி, என் உழைப்பு தனி. காசு மிச்சம்னு நினைச்சு யாராவது இதுல இறங்கினா நான் தடுப்பேன். அந்த 375க்கு எனக்குக் கிடைச்சது நாலு டிஸ்க், ரெண்டு சர்க்யூட். எனக்கு அது போதும்.

இதை அம்பாசடர்லயோ பத்மினிலயோ பண்ணலாமான்னு நிறைய பேர் கேப்பீங்க, தெரியும். இந்தியால மோட்டார் வாகனச் சட்டம் 52வது பிரிவு இருக்கு. கம்பெனி கொடுத்த அசல் அமைப்புக்கு மாறா வண்டியை மாத்தக்கூடாதுன்னு 2019ல சுப்ரீம் கோர்ட்டும் சொல்லிடுச்சு. ஆக்ஸிலைத் தேடிப் புதுப்பேட்டை போறதுக்கு முன்னாடி ஆர்டிஓ ஆபீஸ் போய் எழுத்துல கேட்டுக்கங்க. எனக்கு இந்த வாரம் பாக்கி இருக்கிறது ஒண்ணே ஒண்ணு. நூறு மைல் ஓடியாச்சு, அடியில படுத்து யூ-போல்ட் எல்லாத்தையும் திரும்ப ஒரு தடவை முறுக்கணும்.