மயக்கத்துக்கு மாத்திரை

கூட்டத்தில் நெடுநேரம் நின்றாலோ ஊசியைப் பார்த்தாலோ சிலர் திடீரென்று சரிந்து விழுவார்கள். ரத்த அழுத்தம் சட்டென இறங்குவதுதான் காரணம். ஜெர்மனியின் போரிங்கர் இங்கெல்ஹைம் நிறுவனத்தின் எட்டிலெஃப்ரின் மருந்தை இதற்கு மருத்துவர்கள் நம்பிக் கொடுத்துவந்தார்கள். 126 பேரிடம் நடந்த ஐரோப்பிய ஆய்வு 1999-இல் வெளிவந்தது. மருந்து சாப்பிட்டவர்களிலும் வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களிலும் மறுபடி மயங்கியவர்கள் ஒரே அளவு: 24 சதவீதம்!

மிடோட்ரின் என்ற இன்னொரு மருந்து ஓரளவு கைகொடுக்கிறது. 2021-இல் வந்த ஆய்வில் வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 61 சதவீதம் பேர் மயங்கினார்கள். மிடோட்ரின் எடுத்தவர்களில் 42 சதவீதம். படுத்திருக்கும்போது அழுத்தத்தை ஏற்றிவிடும் என்பதால் படுக்கப் போகும் நேரத்தில் இதைச் சாப்பிடக் கூடாது.

அடிக்கடி மயக்கம் வருகிறதா? இதயக் கோளாறு இல்லை என்பதை முதலில் மருத்துவரிடம் உறுதிசெய்துகொள்ளுங்கள்.