சீட்டு ஏறவும் வேணும், இறங்கவும் வேணும்



1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் பெண்களுக்கு எழுத்தோடு சைக்கிளும் கற்றுக்கொடுத்தது. அப்போது ஆட்சியராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிளில் ஏறினார்கள். ஓட்டக் கத்துக்கிட்ட நாம் வண்டியைக் காப்பாத்தவும் கத்துக்கணும். அதில் யாரும் எட்டிப் பார்க்காத இடம், சீட்டைத் தாங்கும் கம்பி இறங்குகிற குழாய்.

பள்ளிக்கூடம் போற பொண்ணு மளமளன்னு வளருது. சீட்டை உயர்த்தலாம்னு நட்டைத் தளர்த்தினா கம்பி அசையாது. தாழ்ந்த சீட்டில் மிதித்தால் முழங்கால் வலிக்கும். அப்புறம் சைக்கிள் திண்ணையோரம் சாய்ந்துவிடும். சுத்தியலால் அடித்தால் குழாயே நெளியும்.

ஏன் இறுகுது? குழாயின் வாயில் ஒரு பிளவு இருக்கும். பின்சக்கரம் வாரியடிக்கும் மழைத்தண்ணி அதுவழியா உள்ளே போகும். நமக்குக் கடல் உப்புக் காத்து வேற. துரு, இரும்பைவிட அதிக இடம் பிடிக்கும்; கம்பியைக் கவ்விக்கொள்ளும். கம்பி அலுமினியமாக இருந்தாலும் தப்பாது. இரும்போடு சேர்ந்து உப்புத்தண்ணி பட்டால் அதுவும் அரித்து இறுகும்.

இதற்கு அரைமணி நேரம் போதும். சீட்டின் உயரத்தைக் கம்பியில் குறித்துவிட்டு உருவுங்க. வண்டியைக் கவிழ்த்துத் தண்ணியை வடிய விடுங்க. குச்சியில் துணி சுற்றிக் குழாயின் உள்ளே துடைங்க. துருவையும் பிளவின் ஓரத்துப் பிசிறையும் உப்புத்தாளால் தேய்ங்க. அந்தப் பிசிறுதான் கம்பியைக் கீறும். தூள் போகத் துடைத்து நன்றாகக் காய விடுங்க. பிறகு குழாயின் உள்ளேயும் கம்பியிலும் மெல்லிசாகக் கிரீஸ் பூசுங்க. கம்பியைச் செருகி, வெளியே பிதுங்கியதை வழித்துவிட்டு நட்டை இறுக்குங்க. கம்பியில் எச்சரிக்கைக் கோடு போட்டிருந்தால் அது குழாய்க்குள்ளேயே இருக்கணும்.

ஐப்பசி மழைக்கு முன்னே ஒரு தரம், தை பிறந்ததும் ஒரு தரம் இதைச் செய்யலாம். குழுவுக்கு ஒரு ஸ்பேனர், ஒரு டப்பா கிரீஸ் வாங்கி வைத்தால் பத்து வீட்டுக்கு வரும். பொண்ணு வளர்ந்தா சீட்டும் கூடவே உயரட்டும்.