பிள்ளைக்குத் தனியாசிரியர் தேடுவது எப்படி?

(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

    

ஆண்டு விழா மேடையில் காப்பியங்களைப் பற்றியும் கவிஞர்களைப் பற்றியும் பேசுவதற்கு அறிஞர்கள் வந்திருக்கிறார்கள். எனக்குச் செயலாளர் அவர்கள் இட்ட பணி வேறு. வீட்டுக்கு உதவும் பொருள் ஒன்றைப் பற்றிப் பேசுங்கள் என்றார்கள். ஜூன் மாதம் பிறந்துவிட்டால் நம் காலனியில் தண்ணீர்க் குழாயடியிலும் கோயில் வாசலிலும் கேட்கும் கேள்வி ஒன்றுண்டு: "நல்ல டியூஷன் வாத்தியார் யாராவது தெரியுமா?" அந்தக் கேள்விக்கு விடை காண்பதே இன்று என் நோக்கம்.

நான் பத்தாம் வகுப்போடு படிப்பை முடித்து ரயில்வேயில் எழுத்தராகச் சேர்ந்தவன். என்னைப் போன்ற பெற்றோர் பலர் இங்கே இருக்கிறீர்கள். "நமக்கே தெரியாத பாடத்தைச் சொல்லித் தருகிறவரை நாம் எப்படி எடைபோடுவது?" என்று நீங்கள் தயங்குவதுண்டு. அந்தத் தயக்கம் வேண்டுவதில்லை. பாடம் தெரியாத பெற்றோரும் ஆசிரியரை அறிந்துகொள்ள வழி உண்டு.

முதலில் ஒன்று கேட்டுக்கொள்ள வேண்டும். பிள்ளைக்கு உண்மையிலேயே தனியாசிரியர் வேண்டுமா? பக்கத்து வீட்டுப் பிள்ளை போகிறது என்பது காரணம் ஆகாது. மதிப்பெண் குறைந்தது என்பதுகூட முழுக் காரணம் அன்று. எந்த இடத்தில் பிள்ளையின் கால் இடறியது என்பதே கேள்வி. எட்டாம் வகுப்புக் கணக்குத் தெரியாத பிள்ளைக்குப் பெரும்பாலும் எட்டாம் வகுப்பில் குறை இராது. ஐந்தாம் வகுப்பில் பின்னமும் வகுத்தலும் பதியாமல் நின்றிருக்கும். கீழ் வகுப்புப் புத்தகத்தை எடுத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை பிள்ளையோடு உட்காருங்கள். எந்த வகுப்புப் பாடத்தைத் தயங்காமல் செய்கிறதோ அது அதன் படி. எங்கே விழி பிதுங்குகிறதோ அங்கேதான் ஆசிரியர் தொடங்க வேண்டும்.

அடுத்து, பள்ளி ஆசிரியரைப் பாருங்கள். நம்மில் சிலர் வகுப்பாசிரியரையே வீட்டுக்கு வந்து பாடம் சொல்லித் தருமாறு கேட்கிறோம். 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், அதன் 28ஆம் பிரிவில், ஆசிரியர் எவரும் தனிப்பயிற்சி நடத்தலாகாது என்று விதிக்கிறது. ஆதலின் அவரை அந்தச் சங்கடத்துக்கு உள்ளாக்க வேண்டாம். அவரிடம் கேட்க வேண்டியது அறிவுரை: "என் பிள்ளை எதில் பின்தங்கியிருக்கிறது?" என்று கேளுங்கள். விடை கூறுவார்.

நிற்க. மைசூர்த் தமிழ்க் குடும்பங்களுக்கென்றே ஒரு தனித் தேவை உண்டு. அதுதான் கன்னடம். 2015ஆம் ஆண்டின் கன்னட மொழி கற்றல் சட்டம் இம்மாநிலப் பள்ளிகளில் கன்னடத்தை முதல் மொழியாகவோ இரண்டாம் மொழியாகவோ கற்பிக்க வகை செய்தது. மாநிலத்து எஸ்.எஸ்.எல்.சி. தேர்வில் முதல் மொழித் தாளுக்கு 125 மதிப்பெண்கள். மாறுதலில் தமிழ்நாட்டிலிருந்து வரும் குடும்பத்துப் பிள்ளை ஆறாம் வகுப்பிலோ ஏழாம் வகுப்பிலோ கன்னட எழுத்தை முதன்முதலாகக் காண்கிறது. அங்கே வகுப்பில் முதலாக நின்ற பிள்ளை இங்கே கடைசி பெஞ்சில் வாய் மூடி அமர்கிறது. சில மாதங்களில், "எனக்குப் படிப்பு வராது" என்று தானே தனக்குத் தீர்ப்பு எழுதிக்கொள்கிறது. அதை மாற்றுவது பிற்பாடு கடினம். ஆகவே வந்த முதல் மாதத்திலேயே கன்னடத்துக்கு ஆசிரியர் தேட வேண்டும்.

எப்படிப்பட்ட ஆசிரியர்? தமிழும் கன்னடமும் அறிந்தவராயின் மிக நன்று. ஏனெனில் நம் பிள்ளை வெறுங்கையோடு வரவில்லை. தமிழ் என்னும் பெருமுதலோடு வருகிறது. தமிழில் பகரத்தில் தொடங்கும் சொற்கள் பல, கன்னடத்தில் ஹகரமாகின்றன: பால் ஹாலு, பல் ஹல்லு, பத்து ஹத்து, புலி ஹுலி, பெயர் ஹெசரு. தமிழின் வகரம் பல இடங்களில், பம்பரம் என்னும் சொல்லின் நடுவே ஒலிக்கும் மெல்லிய பகரமாகிறது: வா என்பது பா, விரல் என்பது பெரளு, வெண்ணெய் என்பது பெண்ணெ. ழகரம் ளகரமாகும்: ஏழு ஏளு, மழை மளெ. வாழை பாளெ ஆவதில் இரண்டு மாற்றமும் ஒருங்கே நிகழ்கின்றன. செவி கிவியாகும், சேரி கேரியாகும். இந்தத் திறவுகோலைக் கையில் தரும் ஆசிரியரிடம் பிள்ளை ஒரு வாரத்தில் ஐம்பது சொற்களைச் சிரித்துக்கொண்டே கற்றுவிடும்.

இடறும் இடமும் இன்னதென்று அவருக்குத் தெரிந்திருக்கும். நமக்குக் ககரம் ஒன்று. கன்னடத்தில் அவ்விடத்தில் நான்கு எழுத்துகள். ச, ட, த, ப என்பனவும் அவ்வாறே. தமிழ்ப் பிள்ளை எழுத்துப்பிழை விடுவது பெரும்பாலும் இந்த இருபது எழுத்துகளுக்குள்தான். இதை அறிந்த ஆசிரியர் அங்கே பயிற்சி தருவார். அறியாதவர், "எத்தனை தடவை சொன்னாலும் மண்டையில் ஏறவில்லை" என்று பிள்ளையை வைவார்.

இத்தகைய ஆசிரியரை எங்கே தேடுவது? நாம் வாழும் ஊர் இதற்குப் பேறு பெற்ற ஊர். மானசகங்கோத்திரியில் மைசூர்ப் பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்கேயே, 1963இல் தோன்றிய மண்டலக் கல்வி நிறுவனம் தென்மாநிலங்களிலிருந்து வரும் இளைஞர்களை ஆசிரியர்களாகப் பயிற்றுகிறது. தமிழ்நாட்டு மாணவர்களும் அங்கே பயில்கிறார்கள். 1969இல் நிறுவப்பட்ட இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனமும் அப்பகுதியில்தான் உள்ளது. ஆசிரியப் பயிற்சி பெறும் இளைஞருக்கும் மொழி ஆராயும் மாணவருக்கும் கற்பிக்கும் ஆர்வமும் சிறிது வருமானத்தின் தேவையும் ஒருங்கே இருக்கும். ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர்கள் நம் தெருக்களிலேயே வாழ்கிறார்கள். நம் காலனியில் வளர்ந்து இப்போது கல்லூரியில் பயிலும் பெண்களும் பிள்ளைகளும் உள்ளனர். கன்னடத்தில் தாமும் ஒருகாலத்தில் தடுமாறியவர்களாதலால் தடுமாற்றம் அவர்களுக்குப் புரியும். சுவரில் ஒட்டிய விளம்பரத்தை இவர்களுக்கெல்லாம் பிறகு பார்க்கலாம்.

ஆளைக் கண்டோம், எடைபோடுவது எங்ஙனம்? அதற்கு அளவுகோலைத் தமிழிலேயே வகுத்து வைத்திருக்கிறார்கள். பவணந்தி முனிவரின் நன்னூலை அறிவீர்கள். கங்கர் குலத்துச் சீயகங்கனின் வேண்டுகோளால் எழுந்த நூல் அது. கங்கர் என்றதும் நமக்கு அருகில் உள்ள தலைக்காடு நினைவுக்கு வரட்டும். மேலைக் கங்கரின் தலைநகராக விளங்கிய ஊர் அது. அந்நூலின் பாயிரம், ஆசிரியர் ஆகாதவருக்கு நான்கு உவமை கூறுகிறது. நால்வரையும் இன்றைய டியூஷன் உலகில் காணலாம்.

முதலாமவர் கழற்சிக்காய் பெய்த குடம். போட்ட வரிசையில் காய் வெளிவராது. இவர் இன்று ஆறாம் பாடம், நாளை இரண்டாம் பாடம் என்று முறையின்றி நடத்துவார். "இந்த மாதம் எதை, எந்த வரிசையில் நடத்துவீர்கள்?" என்று கேட்டால் அவருக்கு விடை இராது.

இரண்டாமவர் மடற்பனை. மேலேறிக் காய் பறிக்க ஒருவராலும் ஆகாது; பழம் தானாக விழுந்தால்தான் உண்டு. இவரிடம் பிள்ளை கேள்வி கேட்க முடியாது. தமக்குத் தோன்றியதைச் சொல்லிவிட்டுப் போவார். முதல் நாளே கவனியுங்கள்: ஒரு மணி நேரத்தில் பிள்ளையின் குரல் எத்தனை முறை கேட்டது?

மூன்றாமவர் பருத்தி அடைத்த குண்டிகை. சிறிது சிறிதாகப் பிய்த்துத்தான் எடுக்க வேண்டும். அறிந்ததையும் முழுதாகத் தரமாட்டார்; மாதங்கள் நீண்டுகொண்டே போகும்.

நான்காமவர் முடத்தெங்கு. நீர் வார்த்தவர் தோட்டத்தை விட்டு வெளியே வளைந்து காய்ப்பது. சம்பளம் நம்மிடம் பெறுவார். கண் கைப்பேசியிலோ அடுத்த வீட்டு வகுப்பிலோ இருக்கும்.

இந்த நான்கையும் கண்டறியப் பட்டம் வேண்டா. கதவருகே அமர்ந்து கீரை ஆய்ந்துகொண்டே கவனிக்கும் தாய்க்குப் போதிய தகுதி உண்டு.

பட்டமும் புகழும் மட்டும் பார்த்து மயங்காதீர்கள் என்பதற்கும் ஒரு சான்று கூறுவேன். கணித மேதை இராமானுஜன், 1912இல் சென்னைத் துறைமுக அலுவலகத்தில் நம்மைப் போல் எழுத்தராகச் சேர்வதற்கு முன்பு, தனிப்பாடம் சொல்லிப் பிழைக்க முயன்றார். அவரது அறிவுக்கு எல்லை இல்லை. ஆனால் பாடநூலின் எல்லைக்குள் நின்று தேர்வுக்கு வேண்டியதைச் சொல்ல அவரால் இயலவில்லை. மேதையாக இருப்பது ஒரு வரம். இடறிய பிள்ளையின் படிக்கு இறங்கி வருவது வேறொரு வரம். நாம் தேடுவது இரண்டாவதை.

இறங்கி வருவதோடு, உரிய காலத்தில் விலகி வழிகாட்டுவதும் நல்லாசிரியர் இலக்கணம். 1855இல் பிறந்த உ. வே. சாமிநாதையரின் இளமையை எண்ணிப் பாருங்கள். தந்தையார் வேங்கட சுப்பையர் பாட்டும் இராமாயணக் கதையும் கொண்டு வாழ்ந்தவர், செல்வர் அல்லர். மகனின் தமிழார்வத்துக்காக அரியிலூர், குன்னம், கார்குடி, செங்கணம் என்று ஊர் ஊராகக் குடும்பத்தோடு சென்றார். அரியிலூரில் சடகோபையங்கார், கார்குடியில் கஸ்தூரி ஐயங்கார் என ஒவ்வோர் ஊரிலும் ஓர் ஆசிரியர் அமைந்தார். செங்கணத்து விருத்தாசல ரெட்டியார் காரிகைப் பாடம் சொன்னார். சொல்லிவிட்டு, "இனி மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் செல்வதே தக்கது" என்னும் கருத்தை அவரே உரைத்தார். மாணவனைத் தம்மிடமே நிறுத்திக்கொள்ள அவர் எண்ணவில்லை. 1871இல் மாயூரத்தில் அந்த மாணவர் பிள்ளையவர்களை அடைந்தார். தமிழுக்குச் சிந்தாமணியும் சிலப்பதிகாரமும் அச்சில் கிடைத்த வரலாற்றில், அந்த ரெட்டியாரின் பெருந்தன்மைக்கும் ஒரு பங்குண்டு.

என் கருத்தின் சாரம் இதுதான்: தம் உதவி தேவைப்படாத நாளை நோக்கிப் பிள்ளையை நடத்துகிறவரே நல்ல தனியாசிரியர். அவரை வைத்துக்கொள்ளும் முறையைச் சுருங்கச் சொல்கிறேன்.

ஒரு மாதம் பார்த்து உறுதி செய்யுங்கள். பேசும்போதே சம்பளம், நாள், நேரம், விடுமுறை எல்லாவற்றையும் பேசிவிடுங்கள். சொன்ன தேதியில் சம்பளத்தைத் தந்துவிடுங்கள். முன்னறையில், கதவு திறந்திருக்க, பெரியவர் ஒருவர் வீட்டில் இருக்கும் வேளையில் பாடம் நடக்கட்டும். ஆண் பிள்ளைக்கும் பெண் பிள்ளைக்கும் இதுவே விதி. இரவுப் பணிக்குச் செல்லும் தந்தைமார் நேரத்தை அதற்கேற்ப அமைத்துக்கொள்ளலாம். காணொளி வழியாக நடத்துகிறவராயினும் நன்னூல் அளவுகோல் அதுவே. மாத முடிவில் மதிப்பெண்ணைக் கேட்பதற்கு முன், "ஆசிரியர் இல்லாமல் நீயே செய்த கணக்கு எது?" என்று கேளுங்கள். வீட்டுப்பாடத்தை ஆசிரியரே செய்து தருவாராயின் அன்றே நிறுத்திவிடுங்கள். பிள்ளை அவரைக் கண்டு அஞ்சி ஒடுங்குமாயின், காரணத்தைத் தனியே அன்போடு விசாரியுங்கள். பிள்ளையின் சொல்லை நம்புங்கள்.

அளவும் வேண்டும். பள்ளி விட்டதும் ஒரு டியூஷன், இருட்டியதும் இன்னொன்று என்றால் பிள்ளை விளையாடுவது எப்போது? தென் கொரிய அரசு 1980இல் தனிப்பயிற்சியைத் தடை செய்தது. 2000ஆம் ஆண்டில் அந்நாட்டு அரசியலமைப்பு நீதிமன்றம் அத்தடையை நீக்கியது. சீனாவும் 2021இல் கடுமையாகக் கட்டுப்படுத்த முற்பட்டது. வெறி பிடித்த பின் சட்டத்தால் அடக்குவது அரசுகளுக்கே அரிதாகிறது; வீட்டளவில் அடக்குவது நம் கையில் இருக்கிறது.

இறுதியாகச் சங்கத்துக்கு ஒரு விண்ணப்பம். தனியாசிரியருக்குச் சம்பளம் தர இயலாத குடும்பங்களும் நம்மிடையே உள்ளன. சிங்கப்பூரில் 1991இல் இந்தியர் மேம்பாட்டுச் சங்கம் தொடங்கப் பெற்றது. உழைக்கும் இந்தியர்கள் மாதச் சம்பளத்தில் ஒரு சிறு தொகையை அதற்கு அளிக்கிறார்கள். அது பிள்ளைகளுக்குக் குறைந்த கட்டணத்தில் பாட வகுப்புகள் நடத்துகிறது. அத்தனை பெரிய ஏற்பாடு நமக்கு வேண்டா. நம் சங்கக் கூடம் மாலை வேளைகளில் பூட்டியே கிடக்கிறது. விளக்கு இருக்கிறது, பாய் இருக்கிறது. வாரம் மூன்று மாலை, புதிதாக வந்த பிள்ளைகளுக்குக் கன்னடமும், இங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்குத் தமிழும், இருவருக்கும் கணக்கும் சொல்லித்தர, பயிற்சி ஆசிரியர் ஒருவரை நாம் எல்லாரும் சேர்ந்து அமர்த்திக்கொள்ளலாம். கன்னடம் அறிந்த பிள்ளை தமிழ்ப் பிள்ளைக்கும், தமிழ் அறிந்த பிள்ளை கன்னடம் அறிந்த பிள்ளைக்கும் அங்கே ஆசிரியர் ஆகட்டும்.

செயற்குழு இவ்விண்ணப்பத்தை வரும் ஜூன் மாதத்துக்குள் எடுத்து ஆராயுமாறு வேண்டுகிறேன். முதல் மாதச் செலவுக்கான பட்டியலில் என் பெயரை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.