வானூர்திப் பயணமும் சமைக்காத உணவும்

(தசலட்சணப் பெருவிழாவில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



முன்னாளில் வந்தவாசி வட்டாரத்துச் சிற்றூர்களிலிருந்து தமிழ்ச் சமணர் மேற்கொண்ட நெடும்பயணம் என்றால், அது சிரவணபெளகொளாவுக்கோ சம்மேதசிகரத்துக்கோ செல்லும் யாத்திரையாகவே இருந்தது. கட்டுச்சோறும் அவல்மூட்டையும் நீர் வடிகட்டும் துணியும் உடன் சென்றன. இன்று பேரப்பிள்ளையைக் காண எழுபது வயதினர் அமெரிக்காவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் பறக்கின்றனர். இருட்டிய பின் உண்பதில்லை, கிழங்கு வகை தொடுவதில்லை என்று நாற்பது ஆண்டு காத்த உறுதி, இருபது மணி நேரப் பயணத்தில் தளர்ந்துவிடுமோ என்பது அவர்களுடைய கவலை. அதைக் காப்பதற்காகவே பட்டினி கிடந்து, நீரிழிவுக்கு மாத்திரையும் விழுங்கிவிட்டு, நடுவானில் மயங்கிச் சாய்வோரும் உண்டு. இவ்விரண்டுக்கும் இடம் கொடாமல் ஒரு சிறு உணவுப்பொதியை எவ்வாறு அமைப்பது என்பதே இன்றைய பொருள்.

பச்சையாக உண்பது உடலுக்கு நன்று என்று இக்காலத்தார் பெரிதும் பேசுகின்றனர். சமண மரபு இதனைச் சற்று வேறாக நோக்குகிறது. உயிருள்ள பசுமைப் பொருளைச் 'சச்சித்தம்' என்று அது வகுக்கும். இல்லறத்தார்க்குரிய பதினொரு படிநிலைகளுள் ஐந்தாவது சச்சித்தத் தியாகம். அந்நிலை ஏற்றவர் பச்சைக் காயையும் கனியையும் அவ்வாறே உண்ணார். ஆயினும் உலர்த்துதல், பழுத்தல், சூடேற்றுதல், உப்பும் புளிப்பும் கலத்தல், கருவியால் அரிதல் ஆகியவற்றால் பொருள் உண்ணத்தக்கதாகும் என்றும் முன்னோர் வழி காட்டியுள்ளனர். எனவே, அடுப்பேற்றாத உணவை விலக்க வேண்டியதில்லை. எதனை எவ்வாறு எடுப்பது என்று தெரிந்தால் போதும். விரதநிலையில் ஐயமுள்ளவர் தம் குருவிடம் கேட்டுத் தெளிக.

முளைகட்டிய பயறு சத்துணவு என்பதில் ஐயமில்லை. ஆனால் முளை என்பதே புதிய உயிரின் தோற்றமாதலின் சமணர் பலர் அதனை ஏற்பதில்லை. உடைத்த பாசிப்பருப்பு முளைப்பதில்லை. அதனை ஊறவைத்து, வெள்ளரியும் கொத்துமல்லியும் எலுமிச்சையும் சேர்த்துக் கோசுமல்லி செய்யலாம். ஆனால் அதை வழிப்பொதியில் வைப்பது தவறு. ஈரமான உணவு வெப்பத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருத்தல் கூடாது. சென்னைக் கோடையில் ஒரு மணி நேரமே மிகுதி. தேங்காய்த் துருவல் சேர்ந்தால் இன்னும் விரைவில் கெடும். கோசுமல்லியை வீட்டிலேயே உண்டுவிட்டுப் புறப்படுவதே அறிவுடைமை.

பொதிக்கு ஏற்றவை வேறு. பாதுகாப்புச் சோதனையில் கத்தியை விடமாட்டார்கள். ஆகவே கத்தி வேண்டாத கனிகளே சிறந்தவை. கமலா ஆரஞ்சு, திராட்சை, சிறிய ஆப்பிள், கனியத் தொடங்கிய வாழைப்பழம் என்பன நல்லன. நன்கு கனிந்த வாழைப்பழம் பையில் நசுங்கி மற்றவற்றையும் கெடுக்கும். வெள்ளரிப்பிஞ்சை அரியாமல் கழுவித் துடைத்து வைக்கலாம். உப்பைத் தனிப் பொட்டலமாகக் கட்டுக, முன்னரே தூவினால் நீர் விட்டுத் துவண்டுபோகும். கனிகளைக் கழுவியபின் ஈரம் முற்றும் உலரவிட்டுப் பருத்தித் துணியில் சுற்றுதல் வேண்டும். அழுகலுக்கு ஈரமே வித்து. கொட்டை நீக்கிய பேரீச்சை, பாதாம், உலர்திராட்சை, பொரியுருண்டை ஆகியவை எத்தனை மணி நேரமும் தாங்கும்; விமானம் தாமதமானால் கைகொடுப்பவை இவையே. பாதாமை ஊறவைக்காமல் எடுப்பது நலம்.

தயிர், நெய், துவையல், எண்ணெய் மிதக்கும் ஊறுகாய் ஆகிய யாவும் சோதனைச் சாலையில் நீர்மமாகவே எண்ணப்படும். பன்னாட்டுப் பயணத்தில் கைப்பையிலுள்ள நீர்மக் கலம் ஒவ்வொன்றும் 100 மி.லி. அளவுக்குள் இருத்தல் வேண்டும். கொப்பரை எளிதில் தீப்பற்றும் பொருளாகக் கருதப்படுவதால் அதனை எந்தப் பெட்டியிலும் வைக்காதிருப்பது நன்று. தண்ணீர்க் குப்பியை வெறுமையாக எடுத்துச் சென்று, சோதனை முடிந்தபின் துணியால் வடித்து நிரப்பிக்கொள்ளலாம். வடித்த நீர்க்கு இரண்டு நாழிகை, அஃதாவது 48 நிமிடமே எல்லை என்பது மரபு. ஆகவே விமானப் பணியாளரிடம் வெந்நீர் கேட்டு வாங்குவது எளிய வழி.

வானில் உடல் வேறு விதமாக நடந்துகொள்கிறது. விமானத்தினுள் காற்றழுத்தம் ஏறத்தாழ 6,000 முதல் 8,000 அடி உயர மலையில் இருப்பதற்கு ஒப்பானது. வயிற்றிலுள்ள வாயு கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை விரியும். பச்சைக் கோசும் ஊறிய பயறும் ஏற்படுத்தும் உப்புசம் அங்கே இருமடங்கு துன்பமாகத் தோன்றும். காற்றின் ஈரப்பதம் பெரும்பாலும் 20 விழுக்காட்டுக்கும் கீழே இருக்கும். நீர்ச்சத்து மிகுந்த வெள்ளரியும் ஆரஞ்சும் அங்கே உண்மையிலேயே உதவுகின்றன.

நிறுவனத்தார் தரும் உணவையும் முழுதும் ஒதுக்க வேண்டியதில்லை. வி.ஜே.எம்.எல். என்பது சமண உணவுக்குரிய குறியீடு. பல நிறுவனங்கள் புறப்படுவதற்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்னதாக இதனைப் பதிவு செய்யக் கோருகின்றன. பெயரில் மயங்கி ஆர்.வி.எம்.எல். என்னும் பச்சைக் காய்கறி உணவைக் கேட்டால் தட்டில் கேரட்டும் முள்ளங்கியும் வந்து நிற்கக்கூடும்! கனிகள் மட்டுமே வேண்டுவோர் எஃப்.பி.எம்.எல். என்று பதிதல் வேண்டும்.

இரவுண்ணாமை நோற்பவர்க்குத் திசை முக்கியம். துபாயிலிருந்து காலையில் நியூயார்க் நோக்கிப் புறப்படும் விமானம் ஏறத்தாழ 14 மணி நேரம் கதிரவனோடு சேர்ந்தே மேற்கே செல்கிறது, பகல் நீள்கிறது. திரும்பும் வழியில் முற்பகலில் ஏறினால் நான்கைந்து மணி நேரத்திலேயே அட்லாண்டிக் கடலின்மேல் பொழுது சாய்ந்துவிடும். நியூஜெர்சியிலுள்ள மகன் வீட்டிலிருந்து திரும்பிய ஒரு மூதாட்டி, தம் கைக்கடிகாரம் இன்னும் பிற்பகல் என்று காட்டியதை நம்பிப் பழப்பொதியைப் பிரிக்காமல் வைத்திருந்தார். சாளர மறைப்பை உயர்த்திப் பார்த்தபோது வெளியே இருள். மறுநாள் விடியும் வரை வெந்நீரும் இல்லாமல் அமர்ந்திருந்தார். கண்ணுக்குத் தெரியும் கதிரவனையே அளவாகக் கொள்வது பொருத்தம் எனத் தோன்றுகிறது. கிழக்கே பறப்பவர் ஏறிய இரண்டு மணி நேரத்துக்குள் உண்டுவிட வேண்டும். நீரிழிவுள்ளவர் மருந்து வேளையைப் பயணத்துக்கு முன்னரே மருத்துவரிடம் காட்டி மாற்றியமைத்துக்கொள்ளல் கட்டாயம். மருந்தும் உலர்கனியும் காலடியிலுள்ள பையில் இருக்க வேண்டும்; தலைக்குமேல் உள்ள பேழையில் வைத்தால் வேண்டும்போது எட்டாது.

இறங்குமுன் ஒன்று. அமெரிக்காவும் ஆஸ்திரேலியாவும் பிற நாட்டுப் பச்சைக் கனிகளைக் கடுமையாகக் கட்டுப்படுத்துகின்றன. பூச்சியும் நோயும் பரவும் என்பதே காரணம். மிஞ்சிய கனியை விமானத்திலேயே உண்டுவிடுக, இல்லையேல் பணியாளரிடம் கொடுத்துவிடுக. விமானத்தில் கொடுத்த ஆப்பிளாயினும் இந்த விதிக்கு விலக்கில்லை. உலர்பழமும் பருப்பும் மிஞ்சியிருந்தால் அறிவிப்புப் படிவத்தில் மறைக்காமல் எழுதுக. எழுதிய பொருளை அதிகாரி எடுத்துக்கொண்டால் அத்தோடு முடியும், எழுதாததற்கே அபராதம்.