பட்டவன் பெயர்

(நியூ ஜேர்சியில் நடந்த சித்திரைப் புத்தாண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

காளை விளையாட்டுப் படம் என்றால் எங்கட பிள்ளையளுக்கு ஸ்பெயின்தான் நினைவுக்கு வரும். அதில் பிழையில்லை. ஓவியர் கோயா 1816இல் அதைப் பற்றி 33 செதுக்கோவியங்கள் வெளியிட்டார். 1801இல் மட்ரிட் அரங்கில் மாண்ட பெப்பே இயோவின் சாவும் அதில் இருக்கு. புகழ்பெற்ற வீரன், கோயா வரைந்து வைத்தார்.

பிரெஞ்சு ஓவியர் மனேயின் கதை வேறை. 1864இல் பாரிசில் அவர் வைத்த பெரிய படத்தைப் பார்த்து எல்லாரும் நையாண்டி பண்ணினார்கள். மனே படத்தையே வெட்டிப்போட்டார். காளை நிற்கும் துண்டு இப்ப நியூ யோர்க் ஃபிரிக் கலைக்கூடத்தில். செத்துக் கிடக்கும் வீரன் வாஷிங்டன் தேசியக் கலைக்கூடத்தில். இரண்டுக்கும் நடுவில நாங்கள் இருக்கிறம். அந்த வீரனுக்குப் பெயரும் இல்லை, அவனைக் கொன்ற காளையும் பக்கத்தில் இல்லை.

இனிச் சேலம் அரும்பொருட்காட்சியகத்துக்கு வாருங்கோ. அங்கே ஒரு நடுகல் இருக்கு. மனிதனும் காளையும் ஒரே கல்லில். கருவந்துறையில் எருது விளையாடிச் சங்கன் என்பவன் பட்டான், அவன் மகன் இந்தக் கல்லை நட்டான் என்று எழுதியிருக்கு. சங்கன் அரசனுமில்லை, அவனுக்கு ஒரு கோயாவும் இல்லை. மகன் இருந்தான், அவ்வளவுதான்.

இதே விளையாட்டைக் கலித்தொகையின் முல்லைக்கலி சொற்களால் தீட்டிக் காட்டுகிறது. தழுவினவனையும் காட்டுது, கொம்பில் குத்துப்பட்டவனையும் மறைக்கேல்லை. அந்த நூலை ஏட்டில் இருந்து 1887இல் அச்சேற்றியவர் எங்கட சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை. யாழ்ப்பாணத்தில் நாங்கள் கண்டது மாட்டுவண்டிச் சவாரிதான். ஏறு தழுவலை எங்கட ஊர் விளையாட்டு என்று சொல்ல வரேல்லை. ஆனால் அதைப் பாடின ஏடு அழியாமல் நிற்க எங்கட ஊரவர் ஒருவரின் உழைப்பும் காரணம். 1981இல் யாழ். நூலகம் எரிந்ததைக் கண்ட சனம் நாங்கள். ஏடு எவ்வளவு இலேசாக அழியும் என்று எங்களுக்கு ஆரும் சொல்லித்தரத் தேவையில்லை.

இதை ஏன் இண்டைக்குச் சொல்லுறன்? கல் நட இடமில்லாமல், சில வேளை உடலைக் கூடக் காணாமல் வந்த வீடுகள் இந்த மண்டபத்தில் எத்தனை! பிள்ளைகள் கேட்டால், "இப்ப வேண்டாம், பிறகு சொல்லுறன்" என்கிறோம். அப்படியே வருஷம் போகுது. மனேயின் படம்போல, ஆள் ஒரு பக்கம், கதை ஒரு பக்கமாய்ப் பிரிந்து போகுது.

அந்த நடுகல்லில் நாலே விஷயம்தான் இருக்கு: பட்டவன் பெயர், இடம், பட்ட விதம், கல் நட்டவன் யார் என்பது. இந்த வருஷம் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு தாளில் அந்த நாலையும் எழுதுங்கோ. பிள்ளையைப் பக்கத்தில் இருத்தி எழுதுங்கோ. எழுதினவர் பெயரையும் அடியில் போட மறக்க வேண்டாம்.