இன்று ஒரு தகவல்: காசில்லாத பிரேக்

பந்தலூர்ல ஒரு இளைஞர். வேகமா ஓடுற சின்ன கார் ஒண்ணு வச்சிருக்கார். ஒருநாள் மெக்கானிக்கிட்ட வந்தார்.

"அண்ணே, நாடுகாணியிலேருந்து நிலம்பூருக்கு இறங்கறப்ப பிரேக் பஞ்சு மாதிரி உள்ளே போகுது. பெரிய டிஸ்க்கா மாத்திடுங்க!"

மெக்கானிக் டிஸ்க்கைப் பார்க்கலே. பிரேக் ஆயில் டப்பாவைத் திறந்தார். ஆயில் கடுங்காப்பி நிறத்துல இருந்தது.

"இதை எப்ப மாத்தினே?"

"அதை வேற மாத்தணுமா?"

விஷயம் இதுதான். பிரேக் ஆயில் காத்துல இருக்கிற ஈரத்தை உறிஞ்சும். பந்தலூரோ மழை ஊர். டாட் 3 ரக பிரேக் ஆயில் புதுசுல 205 டிகிரி செல்சியஸ் வரைக்கும் தாங்கும். ஈரம் ஏறினா 140 டிகிரியிலேயே கொதிச்சுடலாம். கொதிச்சா குமிழி வரும். நாம மிதிக்கிற அழுத்தமெல்லாம் குமிழியை நசுக்கறதுலயே போயிடும். சக்கரத்துக்குப் போய்ச் சேராது.

டாட் 4 ஆயில் இன்னும் கொஞ்சம் சூடு தாங்கும்: புதுசுல 230, ஈரம் ஏறினா 155. மெக்கானிக் அதை ஊத்தினார். தேய்ஞ்ச பிரேக் பேடையும் மாத்தினார்.

"அப்ப பெரிய டிஸ்க்கு?"

"அது இருக்கட்டும் தம்பி. காசில்லாத பிரேக் ஒண்ணு உன்கிட்டயே இருக்கு. எந்த கியர்ல மலை ஏறினியோ, அதே கியர்ல இறங்கு. எஞ்சினே வண்டியைப் பிடிச்சுக்கும்!"

ரெண்டு வருஷத்துக்கு ஒருதரம் பிரேக் ஆயிலை மாத்திடுங்க. மலையில வேகமா போறதைவிட, நினைச்ச இடத்துல நிக்கறதுதான் கெட்டிக்காரத்தனம்!